பாட்டிக்குப் பிடிக்காதது ரோபோவா, அது பேசும் தமிழா?

கேள்வி: சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் நடவடிக்கைகளை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் மனித உருவில் ஒரு ரோபோ எங்கள் இல்லத்துக்கு வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் உயரம், பெரிய கண்கள். கையை ஆட்டிப் பேசும், பாடும், உட்கார்ந்தபடி செய்யும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும். சீனப் பெரியவர்கள் பலர் அதனோடு சிரித்துப் பேசுகிறார்கள். எங்கள் ஊழியர் ஒருவர், சீனர்களின் வட்டாரப் பேச்சுகளில் ஒன்றான ஹொக்கியனில், பாட்டுகளையும் பேச்சையும் தன் குரலில் பதிவுசெய்து கொடுத்தார். அதைப் போட்டால் கைதட்டுகிறார்கள். மலாய்ப் பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு சரி. தமிழர்கள் 9 பேரில் 7 பேர் பக்கத்திலேயே வருவதில்லை. தமிழ் வரிகளை ஆங்கிலத்திலிருந்து கணினியில் மொழிபெயர்த்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பாட்டி, "என்னைப் பாத்துக்க ஆள் கிடைக்கலன்னு பொம்மைய விட்டுருக்காங்க" என்று சொல்லி அழுதுவிட்டார். இன்னொருவர் சாயங்காலமானால் கூடத்துக்கு வரமாட்டார். ரோபோவின் மேல் போர்த்தும் வெள்ளைத் துணியைப் பார்த்தால் பிணம் மாதிரி இருக்கிறதாம். முதுமை மறதிநோய் உள்ள தாத்தா ஒருவரோ அதைத் தன் பேரன் என்றே நினைத்துக் கொஞ்சுகிறார். "இந்தியர்களின் கலாசாரம் அப்படி, சீனர்களும் ஜப்பானியர்களும் ரோபோவை எளிதாக ஏற்பார்கள்" என்கிறார் என் மேலாளர். தமிழர்களை இந்த நிகழ்ச்சியிலிருந்து விலக்கிவிடலாமா என்று யோசிக்கிறார். இது உண்மையிலேயே கலாசாரம்தானா? தாத்தாவைத் திருத்த வேண்டுமா?

– வாசகி, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலக்க வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம்.

ரோபோக்கள் மனிதர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்று வடிவமைப்பதுதான் என் வேலை. அதனால் உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பதிவு விவரம். ஹொக்கியனுக்கு ஒரு மனிதர் உட்கார்ந்து, தன் குரலில், தான் வீட்டில் கேட்ட பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார். தமிழுக்கு ஆங்கில வரியைக் கணினியில் போட்டு, வந்ததை இயந்திரக் குரலில் ஏற்றியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சீனப் பெரியவர்கள் சந்தித்த ரோபோ வேறு, தமிழ்ப் பெரியவர்கள் சந்தித்தது வேறு. உடம்பு மட்டும்தான் ஒன்று. இந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு, யார் சிரித்தார்கள், யார் ஒதுங்கினார்கள் என்று எண்ணி, அதற்குக் கலாசாரம் என்று பேர் வைப்பது அந்த 7 பேருக்கும் செய்யும் அநியாயம்.

ஜப்பானியர்களைப் பற்றி உங்கள் மேலாளர் சொல்வது உலகம் முழுக்கப் பரவியிருக்கும் நம்பிக்கை. ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் மரபில் கல்லிலும் மரத்திலும் உயிர் உண்டு, ஆகவே இயந்திரத்தையும் அவர்கள் அன்போடு பார்ப்பார்கள் என்பார்கள். ஆனால் ரோபோவுக்கு மனிதச் சாயல் கூடிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் நம் மனம் சட்டென்று மிரண்டு பின்வாங்கும் என்று எழுதியவரே ஜப்பானியர்தான். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த மசாஹிரோ மோரி 1970ல் அதை எழுதினார். பௌத்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர் அவர். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 2007ல், கிறிஸ்டோஃப் பார்ட்னெக்கும் அவருடைய சகாக்களும் 7 நாடுகளைச் சேர்ந்த 467 பேரிடம் கேட்ட ஆய்வு வெளியானது. ரோபோ மீதான தயக்கத்தை அளக்கும் 14 கேள்விகள். நல்லெண்ணம் அதிகம் இருந்தது அமெரிக்கர்களிடம். தயக்கம் அதிகம் இருந்தது மெக்சிகோக்காரர்களிடம். ஜப்பானியர்கள் ஊர் சொல்லும் அளவுக்கு உற்சாகமாக இல்லை. சோனியின் ரோபோ நாயான ஐபோவுக்காக இணையத்தில் கூடும் ரசிகர்களும் அதில் கலந்துகொண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிட ரோபோக்களிடம் இணக்கமாக இருந்தார்கள். ஆக, நாடு ஒரு காரணம்தான். பழக்கமும் ஆர்வமும் அதோடு சேர்ந்தே வேலை செய்கின்றன.

மதத்தையும் மரபையும் காட்டிச் சொல்லும் விளக்கங்கள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. காரணம், அவை எந்த முடிவுக்கும் பொருந்திவிடும். உங்கள் இல்லத்துத் தமிழர்கள் ரோபோவோடு ஒட்டிக்கொண்டிருந்தால், "ஆயுத பூசையில் லாரிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறவர்கள், இயந்திரம் அவர்களுக்கு அந்நியமில்லை" என்று சொல்லியிருப்போம். ஒதுங்கியதால், "சிலைக்குக் கண் திறப்பதையே பெரிய சடங்காகச் செய்கிறவர்கள், உயிரில்லாத உருவம் விழித்துப் பார்த்தால் மிரளத்தானே செய்வார்கள்" என்று சொல்லலாம். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தப் பாட்டி ஏன் அழுதார் என்று இரண்டும் சொல்லவில்லை.

மொழியைப் பற்றிய ஆய்வுகள் உங்களுக்கு இதைவிட உதவும். அரபியை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே அங்கும் எழுத்து வழக்கு வேறு, வீட்டுப் பேச்சு வேறு. 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லெபனானில் அரபி பேசும் ரோபோவையும் அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் ரோபோவையும் ஒப்பிட்டார்கள். ஒரு ரோபோவின் பேச்சை மக்கள் எப்போது நம்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. அது தரும் தகவல் எவ்வளவு முக்கியம், பேசும் நயம் எவ்வளவு முக்கியம் என்று பார்த்ததில், ஆங்கிலத்தைவிட அரபியில் பேச்சு நயத்துக்கு மதிப்பு அதிகமாக இருந்தது. அடுத்து 32 பேரை வைத்து, எழுத்து வழக்கு அரபியையும் உள்ளூர்ப் பேச்சு அரபியையும் ஒப்பிட்டார்கள். ரோபோ ஊர்ப் பேச்சில் பேசும்போதுதான் தகவலும் நயமும் அதிகம் எடுபட்டன. 32 பேர் என்பது சின்னக் கூட்டம், அதை வைத்துப் பெரிதாக எதையும் நாட்ட முடியாது. ஆனாலும் தமிழ் பேசும் ஒருவர் இதைப் படித்தால், "இது நம்ம கதைதானே" என்று தோன்றாமல் இருக்காது.

2013ல் ஜப்பானின் வாசேடா பல்கலைக்கழகத்தின் கோபியன் என்ற ரோபோவை வைத்து எகிப்தியர்களிடமும் ஜப்பானியர்களிடமும் இன்னொரு சோதனை நடந்தது. அதே ரோபோ ஒருமுறை அரபி மொழியில், அரபு முறைப்படி வணக்கம் சொன்னது. இன்னொருமுறை ஜப்பானிய மொழியில், ஜப்பானிய முறைப்படி. எகிப்தியர்களுக்கு அரபி பேசியது பிடித்தது, ஜப்பானியர்களுக்கு ஜப்பானிய மொழி பேசியது பிடித்தது. மற்றது இரு தரப்புக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. முகம் மாறவில்லை, உயரம் மாறவில்லை. பேச்சும் உடல்மொழியும்தான் மாறின.

உங்கள் இல்லத்துச் சீனப் பெரியவர்களிடமே இதற்குச் சாட்சி இருக்கிறது. சீனர்கள் எல்லோரையும் பொதுச் சீன மொழியான மாண்டரினில் பேசச் சொல்லும் இயக்கம் 1979ல் தொடங்கியதிலிருந்து ஹொக்கியன், தியோச்சியூ, கண்டனீஸ் போன்ற வட்டாரப் பேச்சுகள் எல்லாம் பொது இடத்திலிருந்து மெல்ல ஒதுங்கின. பெரியவர்களைச் சென்றடைய அந்தப் பேச்சுகள் தேவை என்று உணர்ந்துதான் 2016ல் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் ஹொக்கியனில் ஒரு நாடகத் தொடரே வந்தது. உங்கள் ரோபோ சுத்தமான மாண்டரினில் மட்டும் பேசியிருந்தால் இத்தனை கைதட்டல் வந்திருக்குமா? ஒரு நாள் மாண்டரினுக்கு மாற்றிப் பாருங்கள், மேலாளரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சரி, தமிழ் வரிகளுக்கு வருவோம். இப்படி மொழிபெயர்த்த வரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையதும் பெரும்பாலும் "வணக்கம், இன்று நீங்கள் எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்றுதான் தொடங்கும். எண்பது வயதுத் தமிழ்ப் பெண்மணியிடம் அவர் வாழ்நாளில் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். செய்தி வாசிப்பவர் திடீரென்று எதிரில் வந்து நலம் விசாரிப்பது போல இருக்கும். "பாட்டி, சாப்டாச்சா? ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா? முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் ஒரு பதிலாவது வரும்.

அடுத்தது, பெயர். ஆங்கிலத்தில் எழுதிய நிரலில் பெரும்பாலும் பெயரைச் சொல்லி அழைக்கும்படி இருக்கும். பிள்ளை உயரத்தில் நிற்கும் ஒன்று, பாட்டியை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. பக்கத்தில் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது அவமரியாதை. அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவரை ரோபோ பிடிக்காதவர் என்று குறித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எல்லோருக்கும் "பாட்டி" என்று போட்டுவிட்டாலும் வேலை முடியாது. சிலருக்கு ஆன்ட்டி என்றால்தான் பிடிக்கும். ஆசிரியராக இருந்தவர் டீச்சர் என்று கூப்பிடுவதை விரும்பலாம். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் வந்தவருக்கு அம்மம்மா என்பது காதுக்குப் பழகியதாக இருக்கும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் பெரியவர் யாராவது இருந்தால் வணக்கத்துக்குப் பதில் சலாம் சொல்வதுதான் முறை. அந்த 9 பேரிடமும் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேளுங்கள். இது ஒரு சாயங்கால வேலை, அவ்வளவுதான்.

குரலை உங்கள் தமிழ்த் தாதி ஒருவரோ தொண்டூழியரோ பதிவுசெய்யட்டும். கீச்சென்ற குழந்தைக் குரல் வேண்டாம். வயதானால் முதலில் தேய்வது உச்ச சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். கீழ்ச் சுருதியில், நிதானமாக வரும் குரல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அப்புறம், ரோபோ கேட்டுப் பதில் சொல்லும் வசதியைத் தமிழ் நேரத்தில் நிறுத்தி வையுங்கள். பல் இல்லாத வாய், வட்டார வழக்கு, நடுவில் "பாசாருக்குப் போகணும்" என்று மலாய்ச் சொல் என்று வரும் பேச்சை அது பிடித்துக்கொள்ளாது. "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று அது திரும்பத் திரும்பச் சொன்னால், தன் பேச்சில்தான் குறை என்று அந்த அம்மா நினைத்துக்கொள்வார். இது என்னை மிகவும் வருத்தும் விஷயம். வாழ்நாள் முழுக்கப் பேசிய மொழியில் பேசிவிட்டு அவர் ஏன் கூனிக்குறுக வேண்டும்? எந்த வரி எப்போது வர வேண்டும் என்பதை நீங்களே பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தி நடத்துங்கள். எல்லோருக்கும் தெரியும்படியே செய்யலாம்.

கையையும் கவனியுங்கள். கைகுலுக்க நீட்டுவதற்குப் பதில் கும்பிடச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். எதையாவது காட்டவோ கொடுக்கவோ செய்தால் வலது கையாக இருக்கட்டும். மலாய்ப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஆள்காட்டி விரலை ஒருவரை நோக்கி நீட்டுவது அவர்களிடையே மரியாதைக் குறைவு. அவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிற்பதற்கு இப்படி ஏதாவது சின்னக் காரணம் இருக்கலாம், அவர்களையும் கேளுங்கள்.

வெள்ளைத் துணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிணம் மாதிரி இருக்கிறது என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மோரி 1970ல் எழுதியதில் ஒரு கோட்டுப்படமும் உண்டு; அதில், மனம் மிரண்டு விழும் பள்ளத்தில் அவர் குறித்திருப்பதும் பிணத்தைத்தான். அசைவு நின்றுபோன மனித உருவம் எல்லோரையும் கலக்கும். அதன் மேல் வெள்ளைத் துணியைப் போர்த்திக் கூடத்தின் மூலையில் நிறுத்தினால் தமிழர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சீனர்களுக்கும் வெள்ளை துக்கத்தின் நிறம்தான். அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்காக அவர்களுக்கு உறுத்தவில்லை என்று ஆகிவிடாது. வேலை முடிந்ததும் ரோபோவைக் கதவு உள்ள ஓர் அறைக்குக் கொண்டுபோய்விட்டு, அங்கே அணையுங்கள். அவர்கள் கண்ணெதிரே அதன் தலை தொங்கக் கூடாது.

இதற்காக மனிதச் சாயலே கூடாது என்று நினைக்க வேண்டாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்த நடீன் என்ற ரோபோவுக்கு முகம், தோல், கூந்தல் எல்லாம் பெண்ணைப் போலவே இருக்கும். அது சிங்கப்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் பிங்கோ விளையாட்டை நடத்தியது. பெரியவர்கள் ஈடுபாட்டோடு விளையாடியதாகத்தான் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

அழுத பாட்டியின் விஷயம் தனி. அவர் சொன்ன வாக்கியத்தை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். ரோபோ அசிங்கமாக இருக்கிறது என்றோ பயமாக இருக்கிறது என்றோ அவர் சொல்லவில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்கிறார். பெற்றவர்களை இல்லத்தில் விடுவது இன்றும் நம் குடும்பங்களில் வெளியே சொல்லக் கூசும் விஷயம். பிள்ளைகள் ஒருமுறை கையைவிட்டு இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்ற எண்ணம் அவருக்குள் இருந்தால், இப்போது அந்த இன்னொருவரும் தன்னை ஒரு பொம்மையிடம் ஒப்படைக்கிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும். இங்கே கலாசாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இயந்திரத்தைப் பற்றியது அல்ல. வயதானவரை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியது. அதுவும் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 2012ல் ஐரோப்பிய ஒன்றியம் நடத்திய கருத்துக் கணிப்பில் 70 விழுக்காட்டினர் ரோபோக்களைப் பற்றி நல்ல எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். அதே கணிப்பில் 60 விழுக்காட்டினர், குழந்தைகள், முதியவர்கள், உடற்குறை உள்ளவர்கள் ஆகியோரைப் பராமரிப்பதில் ரோபோவைத் தடைசெய்ய வேண்டும் என்றார்கள். உங்கள் பாட்டி சொன்னதைத்தான் அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

எனவே அவரிடம் ரோபோவின் பெருமையைப் பேசாதீர்கள். அவருக்குப் பழகிய தாதி யாரோ அவர் போய், "உங்களை நான்தான் பாத்துக்குவேன், இது பாட்டுப் போடத்தான் வந்திருக்கு" என்று சொல்லட்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ரோபோ வந்த பிறகு தமிழ்ப் பெரியவர்களோடு ஊழியர்கள் உட்காரும் நேரம் குறைந்திருந்தால், பாட்டியின் புகார் முழுக்க உண்மை, நிர்வாகம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய முதியோர் இல்லம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் ஒருவர் எழுதியிருக்கிறார்: அங்கே உடற்பயிற்சி சொல்லித்தந்த ரோபோவின் பக்கத்தில் ஓர் ஊழியரும் நின்று அதே அசைவுகளைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. ரோபோ ஆள் தேவையைக் குறைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தால் உங்கள் மேலாளருக்கு இதைச் சொல்லுங்கள்.

தாத்தாவை வலிந்து திருத்த வேண்டாம். "இது பேரன் இல்ல, மெஷின்" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புது இழப்பாக இருக்கும். அதே சமயம், ரோபோவின் வாயால் "நான் உங்க பேரன்" என்று ஒருபோதும் சொல்ல வைக்காதீர்கள். பொய்யை நாமாக எழுதி ஊட்டக் கூடாது, இதில் நான் உறுதியாக இருக்கிறேன். எல்லா மொழியிலும் ரோபோ தன் முதல் வரியில் "நான் ஒரு ரோபோ" என்று எளிமையாகச் சொல்லிவிட்டே தொடங்கட்டும். தாத்தா பேரன் பெயரைச் சொல்லிக் கொஞ்சும்போது, "பேரன் ஞாபகம் வந்துருச்சா தாத்தா? அவரு என்ன பண்றாரு?" என்று பேச்சை நிஜப் பேரன் பக்கம் திருப்புங்கள். குடும்பத்துக்குத் தெரிவித்து, அந்தப் பையனை வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிள்ளை சாப்பிட்டானா, ராத்திரி தனியாக இருக்கிறானா என்று தாத்தா தவிக்க ஆரம்பித்தால், அவருக்கு ரோபோ நேரத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மேலாளரிடம் காட்ட உங்களுக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் பணம் போட்டு 2017 முதல் 2020 வரை நடத்திய கரெசஸ் என்ற திட்டத்தைச் சொல்லுங்கள். பெப்பர் என்ற மனித உருவ ரோபோவை இங்கிலாந்திலும் ஜப்பானிலும் உள்ள முதியோர் இல்லங்களில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரங்களில் 18 மணி நேரம் வரை அதனோடு இருந்தவர்களின் மனநலம் மேம்பட்டது, தனிமை உணர்வில் சிறிய அளவு முன்னேற்றம் தெரிந்தது. ஒருவருடைய கலாசாரப் பின்னணியை அந்த ரோபோ தொடக்க ஊகமாக மட்டுமே வைத்துக்கொண்டது. பிறகு அவரிடமே கேட்டுக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்டது. உங்கள் மேலாளர் கலாசாரத்தை முடிவாக வைக்கிறார், அவர்கள் அதை முதல் கேள்வியாக வைத்தார்கள்.

தமிழ்ப் பதிவை மாற்றி, துணியை எடுத்து, ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் வானொலியோ சீட்டாட்டமோ பேச்சுத்துணையோ கிடைக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல அவர்கள் காரணம் காட்டத் தேவையில்லை. சீனப் பெரியவர்களிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள், கைதட்டல் சத்தத்தில் இதுவரை கவனித்திருக்க மாட்டீர்கள். அறிக்கை எழுதும்போது இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்று கட்டம் போடாமல், ஒவ்வொருவர் பெயருக்கு நேரே என்ன மொழியில் பேசியது, எப்படி அழைத்தது, அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். தமிழ்க் குரலுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும். பதிவு செய்வதற்கு முன் முதல் 20 வரிகளை எனக்கு எழுதி அனுப்புங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.